இரண்டு இருபதுக்கு ஒரு பள்ளம்

நவம்பர் 3

அக்கா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் நலம் எனக்கு எண்ணாகவே வந்துவிடுகிறது. இப்போது மணி பதினொன்று பத்து. நீங்கள் நூற்று நாற்பத்தெட்டு. பக்கத்தில் ஓர் அம்புக்குறி, ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் சும்மா படுத்துக்கிடக்கிறது.

இருபத்தொரு தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பிறகு மணியே அடிக்காமல் நின்றுவிட்டது. என் எண்ணைத் தடுத்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொண்டேன். எனக்கும் ரோஷம் வந்தது. அதனால் கடிதம். தபால்காரர் இதைக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போய்விடுவார், அவரை நீங்கள் தடுக்க முடியாது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வேலை ஆற்றங்கரைப் படகுத்துறையில், சீட்டுக் கொடுப்பது. ஒரு நாற்காலி போட்டால் நிறைந்துவிடுகிற அறை. முன்னால் கண்ணாடி, அதில் கை நுழைகிற அளவுக்கு அரைவட்டமாய் ஓர் ஓட்டை. எனக்கு மனிதர்களின் முகத்தைவிடக் கைதான் நன்றாகத் தெரிகிறது. காலையில் மூட்டம் போட்டால் ஆறே இருக்காது. படகு கிளம்பினால் அதன் மணிச் சத்தம் மட்டும் வெள்ளைக்குள் நடந்து போகும்.

போனைச் சீட்டுப் புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். அதில் உங்கள் கையில் ஒட்டியிருக்கிற பொத்தான் அனுப்புகிற சக்கரைக் கோடு. மூட்டத்துக்கு அந்தப் பக்கம் தெரிகிற மலை மாதிரி மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். ஆறரைக்கு ஒரு சின்ன மேடு வந்தால் நீங்கள் ரொட்டியும் பாலும் சாப்பிட்டாயிற்று. பத்தரைக்கு முன்பெல்லாம் ஒரு பெரிய மலை இருக்கும். முந்நூறைத் தாண்டும். பத்து நாளாக அந்த மலை இல்லை. பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் அறையிலிருந்து உங்களை நிஜமாகவே மாற்றிவிட்டார்கள் என்று வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கோடுதான் சொன்னது.

மேனேஜருக்குப் போன் செய்தது நான்தான். அதை மறைக்கவில்லை. “சார், எங்க அக்காவுக்குச் சக்கரை. ஊசி போட்டுக்கறாங்க. பிஸ்கட் ருசி பாக்கற வேலை வேணாம் சார்” என்றேன். அன்று சாயங்காலம் நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்று, “ஒண்ணு நீ இந்த வீட்ல இரு, இல்ல நான் இருக்கேன்” என்றீர்கள். வீடு பெரியவர் கட்டியது. உங்கள் புருஷன் கட்டிய வீட்டை விட்டு நீங்கள் எப்படிப் போவீர்கள்? நான் பெட்டியை எடுத்தேன்.

செய்தது தப்பு என்று எழுத மூன்று தடவை பேனாவை வைத்தேன். மை இறங்குகிறது, சொல் இறங்கவில்லை. போய்ச் சேர்ந்த என் புருஷன், சின்னவர் நினைவு குறுக்கே வந்து நின்றுகொள்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். போனில் தடுத்தது தடுத்ததாகவே இருக்கட்டும். உங்கள் கையில் இருக்கிற பொத்தானிலிருந்து என்னை எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஓரகத்தி


நவம்பர் 7

படகுத்துறைச் சீட்டு அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களைப் போன்ற பெரிய மனிதர்கள் என்னை நினைவில் வைத்திருப்பது என் பாக்கியம்.

நான் இப்போது டேஸ்ட் அக்கா இல்லை. லேபிள் அக்கா. இருபத்திரண்டு வருடம் வெள்ளைத் தொப்பி போட்டு, கண்ணாடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், இப்போது பசைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் விரல் பத்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் கொஞ்ச நாளில் கும்பிடு போட்டபடியே நின்றுவிடுவேன். உனக்குச் சந்தோஷம்தானே?

“மென்னுட்டுத் துப்பிடுங்கக்கா” என்று நீ லட்சம் தடவை சொன்னாய். பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. துப்பினால் மாவு தெரியும், வெண்ணெய் தெரியும். சோடா ஒரு சிட்டிகை கூடிப்போனது தெரியாது. அது விழுங்கி, ஒரு மூச்சு விட்ட பிறகு, தொண்டைக்குப் பின்னாலிருந்து கசப்பாக எழுந்து வரும். அதற்காகத்தான் எனக்கு அந்த நாற்காலி கொடுத்தார்கள். துப்புவதற்கு ஊரில் ஆயிரம் வாய் இருக்கிறது.

நேற்று ஒரு கனவு. சுடச்சுட ஒரு தட்டு பிஸ்கட். கடிக்கிறேன், சத்தம் வருகிறது, ருசி வரவில்லை. அடுத்ததைக் கடிக்கிறேன், அதற்கும் சத்தம் மட்டும்தான். ஊமைக்கு நாக்கு இருந்து என்ன? எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடம் சொல்வது? சொல்கிற ஆள்தான் இல்லையே.

பொத்தானிலிருந்து உன்னை எடுக்க எனக்குத் தெரியாது. அதை ஒட்டிவிட்ட நர்ஸ் பெண்ணிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பாள், கேட்கப் போகவில்லை. என் வேலையைக் கெடுத்துக்கொண்டு அவளிடம் போவானேன்? இப்போது ஒட்டியிருப்பது பதினோராம் தேதி முடிகிறது. அலமாரியில் இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. வாங்கிய பொருளை வீணாக்க மனமில்லை, ஒட்டிக்கொள்வேன். அது இருபத்தைந்தாம் தேதி வரை ஓடும். அதோடு சரி. அதற்கு மேல் என் கையில் பொத்தானும் இல்லை, உன் போனில் கோடும் இல்லை. அதுவரை வேடிக்கை பார்த்துக்கொள்.

உன் கட்டில் சும்மாதானே கிடக்கிறது, அதன்மேல் தகரப் பெட்டிகளை அடுக்கிவிட்டேன். தகவலுக்காக எழுதுகிறேன்.

நீ கடிதத்தில் “நல்லபடியாக வந்து சேர்ந்தேன்” என்று எழுதினாய். சாப்பாடு எங்கே, யார் சமைக்கிறார்கள், ஆற்றுக் காற்றில் உன் மூக்கு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
லேபிள் ஒட்டுகிறவள்


நவம்பர் 12

அக்கா,

படகு போன இடைவெளியில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

ஐந்து நாளாக நான் ஒன்று பார்க்கிறேன். மதியம் இரண்டு மணி வரை உங்கள் கோடு ஒழுங்காக வருகிறது. நூற்றிருபது, நூற்றுப் பதினைந்து. இரண்டு பத்துக்குச் சாய ஆரம்பிக்கிறது. இரண்டு இருபதுக்குப் பள்ளத்தில் விழுகிறது. எழுபது, அறுபது. சிவப்பு எழுத்து வருகிறது. மூன்று மணிக்குள் எப்படியோ ஏறிவிடுகிறது.

முதல் நாள், ஏதோ ஒரு நாள் அப்படி என்று விட்டேன். இரண்டாம் நாள், அக்கரைக்குப் போக வந்தவருக்குத் திரும்பி வருகிற சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். “போகாமலே எப்படிம்மா திரும்பி வர்றது?” என்று சீட்டை ஓட்டைக்குள் நீட்டினார். வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அதே கேள்விதான்.

இன்றைக்கு ஐம்பத்து நாலு. போன் கத்தியது. வரிசையில் இருபது பேர். உங்களுக்கு அடிக்கலாம் என்றால் தடுத்து வைத்திருக்கிறீர்கள். கீழ்வீட்டுத் தையற்காரருக்குப் போன் செய்து, “ஓடுங்கண்ணா, கதவை ஒடைங்க, அக்கா மயங்கிக் கிடக்கறாங்க” என்றேன். அவர் போன பிறகு நாற்பது நிமிடம் எனக்கு ஒரு தகவலும் இல்லை. சீட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாருக்கு எங்கே போகிற சீட்டு கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர் கூப்பிட்டு, “உசுரோடதான் இருக்காங்கம்மா, நல்லாத் திட்டறாங்க” என்றார். அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்கா, உங்களுக்குத் தெரியும். சின்னவரும் மதியம்தான் போனார். “லேசா தலை சுத்துது, கொஞ்ச நேரம் படுக்கறேன்” என்றார். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாகத் தூங்குகிறாரே, எழுப்ப வேண்டாம் என்று சத்தம் வராமல் மடித்தேன். அவர் சக்கரை இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் இறங்கியது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இப்படி ஒரு பொத்தான் இருந்திருந்தால் மடித்த துணியை எறிந்துவிட்டு ஓடியிருப்பேன்.

உங்களுக்கு மலை மாதிரி ஏறும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். ஊசியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்வீர்கள். கூட்டிப் போட்டால் மதியம் எங்கே போய் இறங்கும்? அதற்குப் பயந்துதான் மேனேஜருக்குப் போன் செய்தேன். இப்போது மலையே இல்லை, பள்ளம் மட்டும் ஏன் வருகிறது என்று புரியவில்லை.

சாப்பாடு துறை கேன்டீனில். மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் ஓரகத்தி


நவம்பர் 16

அடியே,

மரியாதை போட்டு எழுதுகிற பொறுமை போய்விட்டது.

ஆறு மணி ஷிப்டுக்குப் போய், ஒரு மணிக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு மனுஷி கண்ணை மூடுகிறாள். கனவில் ஏதோ தண்ணீர். அகலமாக, சத்தமே இல்லாமல். நான் அதன்மேல் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், கால் நனையவில்லை. நல்ல கனவு. அதன் நடுவில் டமார் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் தையற்காரர், கழுத்தில் டேப்பு, கையில் பெரிய கத்தரிக்கோல். நான் அலறினேன். என்னைப் பார்த்து அவரும் அலறினார். அவர் பின்னால் அவர் பெண்டாட்டி, அவள் பின்னால் துணி தைக்க வந்த இரண்டு பேர். ஒருத்தி அரை ஜாக்கெட்டோடு நிற்கிறாள்.

“வாயத் தொறங்கம்மா” என்றாள் அவர் பெண்டாட்டி. எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தேன். அரை டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

அது உடம்பில் ஏறுவதற்குள் நான் விரலைக் குத்திப் பார்த்துவிட்டேன். ரத்தம் நூற்றிருபத்தொன்று. பொத்தான் அந்த நேரம் சொன்னது ஐம்பத்தாறு. எது பொய் என்று நீயே சொல். நன்றாக இருந்தவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரத்தில் இருநூற்றுத் தொண்ணூறு. நீ விரும்பிப் பார்த்த மலை வந்ததா? ஆசை தீர்ந்ததா?

என் போன் கத்தவில்லையா என்று கேட்பாய். கத்தியது. அப்போது ஐந்து நாளாகவே கத்திக்கொண்டுதான் இருந்தது. குழந்தை அழுகிற மாதிரி அதற்கு ஒரு குரல். அதைத் துணி அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டேன். எனக்கு என் உடம்பு தெரியாதா? கை நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை, பசி இல்லை.

தாழ்ப்பாள் பெயர்ந்து தொங்குகிறது. ஆசாரிக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவரை கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. “லேபிள் அக்கா, மயக்கமாமே?” என்று ஆளுக்கு ஒரு தரம் கேட்டுவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் நிமிர்ந்து நடந்தவள், தலையைக் குனிந்து லேபிள் ஒட்டுகிறேன்.

சின்னவரைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அதற்கு நான் பதில் எழுத முடியாது. ஆனால் செத்துப்போனவருக்கு வந்ததை எல்லாம் இருக்கிறவள் தலையில் கட்டாதே.

இருபத்தைந்தாம் தேதி இந்தப் பொய்ப் பொத்தான் உதிர்கிறது. இனி ஒட்டமாட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

மூக்குக்கு வெந்நீர் ஆவி பிடி.

அக்கா


நவம்பர் 20

அக்கா,

பொத்தான் பொய் சொல்லவில்லை. அதன் வாயை யாரோ பொத்தியிருக்கிறார்கள். யார் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் கிணற்றைப் பற்றி.

இங்கே துறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிணறு இருக்கிறது. ஆற்றின் மட்டத்தை அளக்கிற கிணறு. ஆற்றிலேயே அளக்கலாமே என்றால், அங்கே அலை, படகு, குதிக்கிற பிள்ளைகள், கோல் நிலைக்காது. அதனால் கரையில் ஒரு கிணறு வெட்டி, மண்ணுக்கு அடியில் ஒரு குழாய் போட்டு ஆற்றோடு சேர்த்திருக்கிறார்கள். ஆறு ஏறினால் கால் மணி கழித்துக் கிணறு ஏறும். ஆறு இறங்கினால் கால் மணி கழித்து இறங்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் நிற்கும். அதில் ஒரு மிதவை. அதைப் பார்த்து மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுதுகிறவரை இங்கே மட்டக்காரர் என்கிறார்கள். பேசாத மனிதர். பேசினால் தண்ணீரைப் பற்றி மட்டும்.

பொத்தான் ஒட்டிய நாளில் அந்த நர்ஸ் பெண் சொன்னது நினைவிருக்கிறதா? “இது ரத்தத்தைத் தொடாதும்மா. தோலுக்குக் கீழ, சதைக்கு நடுவுல ஊறி நிக்கற தண்ணி இருக்கில்ல, அதைத்தான் தொடும். ரத்தத்துல நடக்கறது அங்க கொஞ்சம் லேட்டாத்தான் தெரியும்” என்றாள். நாம் இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வந்தோம். எனக்கு இந்தக் கிணற்றைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை மட்டக்காரர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையாக நின்றார். ஆறு கரை தொட்டு ஓடுகிறது. கிணறு பாதாளத்தில் கிடக்கிறது. நான் பயந்துபோய், “ஆறு வத்துதா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஆறு எங்கம்மா வத்துது? கண்ணு முன்னாடிதானே ஓடுது. குழாய் வாய்ல எதோ ஒக்காந்திருக்கு. இந்தப் பக்கம் கேன்டீன்காரன் திருட்டுத்தனமா வாளி வாளியா எறைக்கறான். வர்றது நின்னுபோச்சு, குடிக்கறது நிக்கல. கெணறு எறங்காம என்ன செய்யும்?”

போய்ப் பார்த்தால், மணல் ஏற்றிய ஒரு படகைக் கரையோரம் குழாயின்மேல் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதைத் தள்ளி நகர்த்தினார்கள். கால் மணியில் கிணறு நிறைந்தது. நான் சீட்டு அறையைப் பூட்டாமல் அங்கேயே நின்று அது நிறைவதைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எதற்கு என்று மட்டக்காரருக்குப் புரியவில்லை.

அப்புறம் நர்ஸ் பெண்ணுக்குப் போன் செய்தேன். “ஆமாம்மா, பொத்தான் இருக்கற கைய அழுத்திப் படுத்தா அப்படித்தான் எறக்கிக் காட்டும். அதுக்குத்தான் எந்தப் பக்கம் படுப்பீங்கன்னு கேட்டு ஒட்டினேன்” என்றாள். ஆனால் சிவப்பு எழுத்து வந்தால் பொய் என்று விட்டுவிடக் கூடாதாம், ஒவ்வொரு தடவையும் விரலைக் குத்திப் பார்க்க வேண்டுமாம். போனை அலமாரியில் வைக்காதீர்கள். இதை மட்டும் எனக்காகக் கேளுங்கள்.

இப்போது கடைசி விஷயம். அவள் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “நான் வலப்பக்கம்தான் படுப்பேன், செவுத்தப் பாத்து. நாப்பது வருஷமா அப்படித்தான். இப்ப இடப்பக்கம் இவ கட்டில் வேற, இவ கொறட்டைய யாரு முகத்துல வாங்கறது?” என்றீர்கள். மூன்று பேரும் சிரித்தோம். அதனால்தான் இடது கையில் ஒட்டினாள்.

நான் இருந்த வரை மதியத்தில் ஒரு பள்ளம் இல்லை அக்கா. நான் வந்த பிறகு முதல் கொஞ்ச நாளும் இல்லை. எட்டாம் தேதியிலிருந்துதான்.

தையற்காரர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். “இன்னொரு கட்டில்லயும் விரிப்பு விரிச்சு, தலகாணி எல்லாம் போட்டிருந்துச்சு. யாராச்சும் விருந்தாளியா?” என்று கேட்டார். தகரப் பெட்டி எதையும் அவர் பார்க்கவில்லையாம்.

நான் வேறொன்றும் கேட்கவில்லை.

மூன்று தடவை இறங்காத சொல் இப்போது இறங்குகிறது. நான் செய்தது தப்பு. பயந்தது தப்பில்லை. உங்கள் நாக்கைப் பற்றி உங்களிடம் பேசாமல், உங்கள் முதுகுக்குப் பின்னால் வேறு ஒருவரிடம் பேசியது தப்பு. பயம் வந்தவளுக்கு அது எல்லாம் தெரியாமல் போய்விட்டது.

நான் பார்ப்பதுதான் உங்களுக்குக் கஷ்டம் என்றால், என் போனிலிருந்து கோட்டை அழித்துவிடுகிறேன். சத்தியமாக அழிக்கிறேன். ஆனால் இருபத்தைந்தோடு நிறுத்தாதீர்கள். எனக்குக் காட்ட வேண்டாம். உங்களுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள்.

பொடி
(நீங்கள் வைத்த பெயர்தான். யாரும் கூப்பிடாமல் எனக்கே மறந்துவிடும் போல இருக்கிறது.)


நவம்பர் 29

அக்கா,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி மதியம் மூன்று மணிக்குக் கோடு நின்றது. நடந்து வந்தவர் மூட்டத்துக்குள் போய்விட்ட மாதிரி. அதற்குப் பிறகு வெள்ளை. இருபத்தாறு, வெள்ளை. அன்றைக்கு ஆற்றிலும் அப்படி மூட்டம். வெளியே பார்த்தாலும் போனைப் பார்த்தாலும் ஒன்றுதான். ஓட்டைக்குள் நீளுகிற கை எல்லாம் உங்கள் கையாகத் தெரிந்தது. பசை காய்ந்த விரல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சீட்டுக் கொடுத்தேன். உட்கார்ந்தபடியே கண் சொக்கியது. படகு மணி அடித்துக்கொண்டு போகிறது, அதில் நம் இரண்டு கட்டிலையும் ஏற்றியிருக்கிறார்கள். நீங்கள் ஒன்றில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறீர்கள். “சீட்டு எடுத்தீங்களா?” என்று கத்துகிறேன். “போறதுக்கு மட்டும்தான்” என்கிறீர்கள். அதற்குள் யாரோ கண்ணாடியைத் தட்டி எழுப்பிவிட்டார்கள்.

இருபத்தேழு சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கோடு வந்தது. நூற்று முப்பத்திரண்டு. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வரிசையில் நின்றவர், “என்னம்மா, படகு வந்துடுச்சா?” என்றார். வந்துவிட்டது என்றேன். வரவில்லை பாவம், அவர் அரை மணி நின்றார்.

நேற்று மதியம் இரண்டு இருபதுக்குப் பார்த்தேன். பள்ளம் இல்லை. இன்றைக்கும் இல்லை. நூற்றுப் பதினெட்டு, நேர்கோடு, நூல் பிடித்த மாதிரி.

புரிந்துகொண்டேன். பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டீர்கள். நான் அதை எழுதியிருக்கக் கூடாது. எழுதினால் உங்களுக்கு ரோஷம் வரும் என்று தெரிந்தும் எழுதினேன். நாலு ஆட்களுக்கு முன்னால் உங்கள் முகத்தில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்ற வைத்ததைவிட அது பெரிய தப்பு.

உடம்புக்கு நேர்கோடுதான் நல்லது. எனக்கு அது போதும். போதும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா, வேடிக்கையைப் பாருங்கள். அந்தப் பள்ளத்தைப் பார்த்து நான் எவ்வளவு பயந்தேன்! இப்போது இரண்டு இருபதுக்கு அதைத் தேடுகிறேன்.

கோட்டை அழிக்கச் சொன்னால் அழித்துவிடுகிறேன். ஒரு வரி எழுதுங்கள்.

பொடி


டிசம்பர் 3

அடி மக்குப் பொடி,

உன் கடிதத்தை லேபிள் மேசையில் வைத்தே படித்தேன். பக்கத்தில் இருந்தவள் “என்னக்கா சிரிக்கறீங்க?” என்றாள். பசை கண்ணில் பட்டுவிட்டது என்றேன். சிரித்தேனா அழுதேனா என்று அவளுக்கே குழப்பம்.

உடனே எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் பதினெட்டாம் தேதியே வடிந்துவிட்டது. ஆனால் பதினாறாம் தேதி எழுதிய கோபம் அதற்குப் பிறகுதான் உன் கைக்கு வந்திருக்கும். உன் கிணறு மாதிரிதான் நம் தபாலும். இங்கே ஆறு இறங்கி எத்தனையோ நாள் கழித்து அங்கே நீ பழைய மட்டத்தைப் படித்துப் பயந்துகொண்டிருக்கிறாய். உன் குரலைக் கேட்டால் கோபம் உடனே இறங்கிவிடும் என்றுதான் உன்னைப் போனில் தடுத்தேன். இப்போது அந்தத் தடையை எடுக்கலாம் என்றால் எந்த இடத்தில் அழுத்தினேன் என்று தெரியவில்லை. தையற்காரரிடம் கொடுத்தேன். அவர் அழுத்தியதில் அவரும் தடையாகிவிட்டார்.

சும்மா இருக்கவில்லை. மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். போன வாரம் அடுப்பிலிருந்து வந்த ஒரு தட்டு, மூக்கிலேயே எனக்குத் தெரிந்தது, சோடா கூடிவிட்டது. புது ஆள் மென்று துப்பிவிட்டு ‘சரி’ போட்டுவிட்டான். நான் லேபிள் ஒட்டமாட்டேன் என்று கையைத் தூக்கினேன். பிரித்துப் பார்த்தார்கள், கசப்பு. மேனேஜர் கூப்பிட்டார். “என் நாக்கப் பத்தி என்னக் கேக்காம முடிவு பண்ணிட்டீங்க சார். இப்ப நானே சொல்றேன். ஆமா, எனக்குச் சக்கரை. ஒரு நாளைக்கு மூணு பிஸ்கட் பாக்கறேன். ரெண்டத் துப்பிடறேன், ஒண்ண விழுங்கறேன். அந்த ஒண்ணையும் என் சாப்பாட்டுல கழிச்சுக்கறேன், ஊசியக் கூட்ட மாட்டேன். ஏறுதா எறங்குதான்னு பாக்கக் கையில பொத்தான் இருக்கு” என்றேன். யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நிமிர்ந்து வெளியே வந்தேன்.

பொத்தான் கையில் இருக்கிறது என்று அங்கே வீராப்பாகச் சொல்லிவிட்டேனே, அன்றைக்குக் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு நாளாக வெறும் தோல். அங்கேயிருந்து நேராக நர்ஸ் பெண்ணிடம் போனேன்.

அவள் வழக்கம் போல இடது கையைத் துடைக்க வந்தாள். நான் மற்றக் கையை நீட்டினேன்.

“ஏம்மா, இந்தத் தடவ வலது கை?”

“இப்பல்லாம் இடப்பக்கம் படுக்கறேன்.”

“நாப்பது வருஷப் பழக்கம்னீங்களே! அந்தப் பக்கம் என்ன?”

“காத்து வருது” என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். நம் அறையில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஆகையால் நேர்கோட்டைப் பார்த்து நீயாக ஒரு கதை கட்டாதே. கோட்டையும் அழிக்காதே. படகு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தகரப் பெட்டி விஷயம் பொய். நீ போன பிறகு முதல் இரண்டு வாரம் விரிப்பைச் சுருட்டித்தான் வைத்தேன். அறை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. உன் முதல் கடிதம் வந்த மறுநாள், எட்டாம் தேதி, விரித்துவிட்டேன்.

வேலையை விடச் சொல்லவில்லை. உனக்கும் உன் ஓட்டையும் ஆறும் பிடித்துப்போயிருக்கும். லீவு நாள் பார்த்து வா. காலைப் பஸ்ஸைப் பிடித்தால் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடலாம். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு மட்டும் நாற்காலியை முட்டுக் கொடுக்கமாட்டேன். ஆசாரி இரண்டு தடவை வந்தான், இன்றைக்கு வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். தட்டாதே, எழுந்துவிடுவேன். கதவைத் தள்ளினால் திறக்கும்.

அக்கா